ஓய்வு பெறும் தலைமைப் பொறியாளருக்குத் தெரியாமல் ஒரு மேசை செய்து கொடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். கட்டடங்களுக்கான கட்டமைப்பு வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் தலைமைப் பொறியாளர் 26 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இன்னும் 11 வாரங்களில் ஓய்வு பெறுகிறார். நிறுவனத்தின் சார்பில் அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசியபோது, கேடயம், கைக்கடிகாரம் போன்றவை வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே கருத்தாக இருந்தோம். ஓய்வுக்குப் பிறகும் வீட்டிலிருந்தபடி வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுக்கப் போவதாக அவர் சொல்லியிருப்பதால், அவருக்கென்றே அளவெடுத்து ஒரு மேசை செய்து கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. பணி நிறைவு விழா நாள்வரை அது அவருக்குத் தெரியக் கூடாது என்பது இளம் பொறியாளர்களின் விருப்பம்.

அவர் சற்றுக் குட்டையானவர். அலுவலக மேசை அவருக்கு உயரமாக இருப்பதால் நாற்காலியை உயர்த்தி வைத்துக்கொள்வார். உயர்த்தினால் கால் தரையில் படாது. அதற்காகப் பழைய பொருள்விவரப் பட்டியல் புத்தகங்கள் இரண்டை நாடாவால் கட்டிக் காலுக்கடியில் போட்டிருக்கிறார். நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே அந்தக் கட்டு அங்கே இருக்கிறது. மேலட்டையில் இரண்டு குதிகாலும் பதியும் இடம் தேய்ந்து குழிந்து, உள்ளே இருக்கும் தாள் தெரிகிறது. எந்தக் கணக்கையும் முதலில் பெரிய தாளில் பென்சிலால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கணினிக்குப் போவார்.

எனக்கு இதில் அனுபவம் இல்லை. அவரிடம் கேட்காமல் அளவை எப்படி எடுப்பது? முழு மரத்தில் செய்ய வேண்டுமா, பிளைவுட் போதுமா? நிறுவனத்தின் சின்னத்தைப் பித்தளையில் பெரிதாக வார்த்து மேசையின் முன்பக்கத்தில் பதிக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாக இயக்குநர் விரும்புகிறார். அது சரியாக இருக்குமா? இவ்வளவு பெரிய பொருளை ஒருவருக்குத் தெரியாமல் செய்து கொடுப்பதே முறையா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

முதல் மறுமொழி: அறைகலன் வடிவமைப்பாளர் ஒருவர்

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான அளவு வந்துவிட்டது. அந்தப் புத்தகக் கட்டின் தடிமனை எடுத்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருவர் வசதியாக அமர்ந்து எழுத இரண்டு உயரங்கள் பொருந்தி வர வேண்டும். பாதம் தரையில் முழுமையாகப் படிந்திருக்கும்போது முழங்காலின் மடிப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே இருக்கையின் உயரம். அந்த இருக்கையில் அமர்ந்து தோளைத் தளரவிட்டால் முழங்கை எங்கே நிற்கிறதோ அதுவே மேசையின் உயரம். கடைகளில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் வருகின்றன, குட்டையானவர்களுக்கு அது தோளைத் தூக்க வைக்கும் உயரம். உங்கள் தலைமைப் பொறியாளர் முழங்கை மேசைக்கு எட்டும்வரை நாற்காலியை உயர்த்தி, பாதத்துக்கும் தரைக்கும் இடையே உண்டான இடைவெளியைப் புத்தகத்தால் அடைத்திருக்கிறார். அதாவது தரையையே தமக்கு வேண்டிய அளவுக்கு மேலே கொண்டுவந்திருக்கிறார். ஆகவே அலுவலக மேசையின் உயரத்திலிருந்து புத்தகக் கட்டின் தடிமனைக் கழித்தால், அவருக்கு வேண்டிய மேசையின் உயரம் கிடைத்துவிடும். மேசை 74 செ.மீ., கட்டு 11 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 63 செ.மீ. இத்தனை ஆண்டுகள் அமர்ந்து பார்த்து அவரே உறுதி செய்த அளவு இது. நானே நாடாவோடு வந்து அளந்தாலும் இதைவிடத் துல்லியமாக வராது. அவர் ஊருக்குப் போயிருக்கும் ஒரு நாளில் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

ஒரு திருத்தம் மட்டும் தேவை. அலுவலகத்தில் அவர் காலணியோடு அமர்ந்திருப்பார். வீட்டில் வெறுங்காலோடு அமர்வார் என்றால், காலணியின் அடித்தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவையும் கழிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, இரண்டு செ.மீ. உயரமாகச் செய்த மேசையைத் திரும்ப எடுத்துவந்து கால்களை அறுத்த அனுபவம் எனக்கு உண்டு.

இனி, இந்த உயரத்தால் வரும் சிக்கலையும் பார்க்க வேண்டும். மேசை தாழும்போது தொடைக்கான இடம் குறைந்துபோகிறது. இருக்கை 39 செ.மீ. என்றும், தொடையின் தடிமன் 15 செ.மீ. என்றும் கொண்டால் தொடையின் மேற்பகுதி 54 செ.மீ. உயரத்தில் நிற்கும். மேசையின் மேல்மட்டம் 63, பலகையின் தடிமன் 2.5 என்றால் பலகையின் அடிப்பகுதி 60.5 செ.மீ. உயரத்தில் வரும். மீதமிருக்கும் ஆறரை செ.மீ. இடத்தில்தான் அவர் காலை மடக்கவும் நகர்த்தவும் வேண்டும். எனவே நடு இழுப்பறை கூடவே கூடாது. பலகையைத் தாங்கும் முன்சட்டத்தையும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். இழுப்பறை வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டியாக அமையட்டும். பரிசு என்றதும் இழுப்பறைகளை அதிகமாக வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. கடைசியில் முழங்காலில்தான் இடிக்கும்.

நாற்காலியையும் இப்போதே சேர்த்து யோசியுங்கள். சாதாரண அலுவலக நாற்காலிகளில் பல 42 செ.மீ.க்குக் கீழே இறங்காது. இருக்கையை ஏற்றி இறக்கும் நடுத்தண்டு குட்டையாக இருந்து, குறைந்த உயரத்துக்கு இறங்கக்கூடிய நாற்காலியையும் மேசையோடு கொடுக்காவிட்டால், அவர் வீட்டிலும் ஒரு புத்தகக் கட்டைத் தேட வேண்டியிருக்கும்.

மேற்பலகையின் நீள அகலத்தை அவர் பயன்படுத்தும் தாள் சொல்லும். ஏ1 தாள் 841 மி.மீ. நீளமும் 594 மி.மீ. அகலமும் உடையது. அதை முழுமையாக விரித்து, பக்கத்தில் அளவுகோலும் கணினியும் வைக்க 130 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் தேவைப்படும்.

இரண்டாம் மறுமொழி: தச்சுப்பட்டறை நடத்துபவர்

மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனாலும் ஆள் அமர்ந்து பார்க்காமல் மேசையின் காலை இறுதி அளவுக்கு அறுக்க நான் உடன்பட மாட்டேன். கால்களை மூன்று செ.மீ. கூடுதலாகவே விட்டு வையுங்கள். விழாவில் கொடுத்து, வீட்டில் இறக்கி, அவரை அமர வைத்துப் பார்த்த பிறகு, வேண்டிய அளவுக்கு நான்கு கால்களையும் சமமாக அறுத்து, அறுத்த முனையில் மெருகு பூசிவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேர வேலைதான். அவருக்குத் தெரியாமல் செய்வதா, அவரைக் கேட்டுச் செய்வதா என்ற உங்கள் தயக்கத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேசை வருகிறது என்பது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும்; கடைசி அறுப்பு அவர் சொன்ன இடத்தில் விழட்டும். கால்கள் கீழ்நோக்கிக் குறுகும் வடிவில் இருந்தால், அறுத்த பிறகும் அழகு கெடாதபடி அந்தக் கூடுதல் நீளத்தையும் சேர்த்தே வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மரத்துக்கு வருகிறேன். முழுத் தேக்கு என்றால் கௌரவம், பிளைவுட் என்றால் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். வரைவதற்கான மேசையில் அந்த எண்ணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், ஈரத்தை விட்டுச் சுருங்கும். ரேகையின் நீளவாட்டத்தில் அது ஏறக்குறைய அசையாது, குறுக்குவாட்டத்தில்தான் அசையும். தேக்கு மிகவும் அடக்கமான மரம். அப்படியிருந்தும், சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகைகளை ஒட்டி 70 செ.மீ. அகலத்தில் ஒரு மேற்பலகை செய்தால், மரத்தின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறும்போது அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. மாறும். பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் திருகாணியால் இறுக்கியிருந்தால், அந்த 5 மி.மீ. போக இடமில்லாமல் பலகை வளையும் அல்லது வெடிக்கும். முழு மரம்தான் வேண்டுமென்றால், திருகாணிக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டு, பலகை நகர்வதற்கு வழிவிட்டுப் பொருத்த வேண்டும். செய்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்லை, நன்றாக இறுக்கிவிடுவேன்" என்று சொன்னால் வேறு ஒருவரைத் தேடுவது நல்லது.

பென்சிலில் வரைபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தேக்கின் நுண்துளைகள் திறந்தவை. மெல்லிய தாளை நேரடியாக அதன் மேல் வைத்துக் கோடு இழுத்தால் பென்சில் முனை அந்தப் பள்ளங்களில் தட்டித் தட்டிப் போகும். ஆகையால் உங்கள் மேசைக்கு நான் செய்யக்கூடியது இதுதான்: கால்களும் சட்டங்களும் தேக்கின் வைரத்தில் (அடிமரத்தின் உட்பகுதியில் உள்ள கெட்டியான மரத்தில்), மேற்பலகையின் உட்பகுதி நல்ல பிளைவுட், அதன் மேல் மேசைகளுக்கென்றே வரும் இரண்டு மி.மீ. லினோலியம், சுற்றிலும் தேக்கு விளிம்பு. லினோலியம் என்றதும் பிளாஸ்டிக் விரிப்பை நினைத்துவிட வேண்டாம். அது 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்ட்டன் ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பொருள். கை வைத்தால் குளிராது, வெளிச்சம் பட்டுக் கண் கூசாது, பென்சில் அதன் மேல் வழுக்காமலும் தட்டாமலும் ஓடும். பலகையின் அடிப்பக்கத்திலும் அதற்கு ஈடான ஒரு தாளையோ லினோலியத்தையோ ஒட்டியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் நாளடைவில் பலகை வில்லாக வளைந்துவிடும்.

பதினொரு வாரம் போதும், ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது. மரம் நன்கு பதப்பட்டதா என்று ஈரப்பதமானியை வைத்துப் பார்த்து வாங்கி, பட்டறையிலேயே இரண்டு வாரமாவது கிடக்கவிட வேண்டும். மெருகுக்குக் கடைசி நான்கு வாரங்களை ஒதுக்குங்கள். எண்ணெய் கலந்த வார்னிஷ் ஒரே நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். ஆனால் முழுமையாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் துணி சுற்றி வண்டியில் ஏற்றினால் துணியின் நெசவு அப்படியே மேற்பரப்பில் பதிந்துவிடும். இழுப்பறையின் உட்புறத்தில் எண்ணெய் வார்னிஷ் பூசவே வேண்டாம். மூடிய இடத்தில் அந்த வாடை மாதக்கணக்கில் நிற்கும். அரக்கு மெருகு விரைவாகக் காயும், வாடையும் போய்விடும். உங்கள் இளைஞர்கள் யாராவது ஆசைப்பட்டுத் தாங்களே ஆளிவிதை எண்ணெய் பூசப் போனால் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லி வையுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். பிரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊற வைக்க வேண்டும்.

மூன்றாம் மறுமொழி: நிறுவனப் பரிசுகளைக் கவனித்து வந்தவர்

எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன். எங்களோடு நீண்ட காலம் இணைந்து பணியாற்றிய ஒரு நிறுவனம் புதிய அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்களுக்குச் சொல்லாமல் 2.4 மீட்டர் நீளத்தில், ஒரே பலகையாக, ஒரு கூட்ட அறை மேசை செய்து அனுப்பினோம். மேசை மிக அழகாக அமைந்திருந்தது. ஆனால் அது மின்தூக்கியில் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்திலும் திரும்பவில்லை. வரவேற்புக்காக மேலே எல்லோரும் கூடியிருந்த நேரத்தில், நாங்கள் நால்வர் கீழே வாகன நிறுத்தத்தில் மேசையோடு நின்றிருந்தோம். அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. பிறகு பலகையை இரண்டாக அறுத்து இணைப்புப் போட்டுத்தான் உள்ளே கொண்டுபோனோம். அதற்கும் பிறகு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட மதிப்புள்ள பரிசுகளை முன் அனுமதியின்றி ஏற்கக் கூடாது என்ற விதி அவர்களிடம் இருந்தது தெரியவந்தது. அவர்கள் எழுத்துமூலம் அனுமதி பெற்று முடிப்பதற்குள், பரிசு என்பது ஒரு சுமையாகவே அவர்களுக்கு மாறிவிட்டது.

உங்கள் பரிசு சொந்த ஊழியருக்கானது என்பதால் விதிச் சிக்கல் குறைவாக இருக்கலாம். எனினும், நிறுவனம் ஊழியருக்குத் தரும் பொருள் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படுமா என்பதைக் கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பரிசு வாங்கியவர் அதற்கு வரி கட்டும் நிலை வரக் கூடாது.

வீட்டில் ஒருவரை உடனே உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசை எந்த அறையில் இருக்கும், சன்னல் எந்தப் பக்கம், மின்இணைப்பு எங்கே, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பவை வீட்டாருக்குத்தான் தெரியும். வாசலிலிருந்து அந்த அறைவரை உள்ள ஒவ்வொரு கதவின் அகலத்தையும், படிக்கட்டின் திருப்பத்தையும் அளந்து வாங்குங்கள். குறுகிய கதவிலோ படிக்கட்டின் திருப்பத்திலோ பூட்டிய மேசை நுழையாமல் போகலாம் என்பதால், கால்களும் சட்டமும் பலகையும் தனித்தனியாகக் கழன்று, போல்ட் போட்டு மீண்டும் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும். தச்சர் சொன்னதுபோல் கால்களை அங்கேயே அறுப்பதற்கும் அது உதவும். இந்த அளவில் தேக்குப் பலகை என்றால் அதுவே 15 கிலோ வரும். பிளைவுட்டும் அதற்கு அதிகம் குறையாது. தனித்தனியாக இருந்தால் இரண்டு பேர் தூக்கிச் சென்றுவிடலாம்.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது மறுமொழியைப் படித்த அன்றே, அவர் களஆய்வுக்குப் போயிருந்த நேரத்தில் அளந்துவிட்டேன். மேசை 74 செ.மீ., கட்டு 11.2 செ.மீ. அவருடைய மகளிடம் பேசினேன். வெறுங்காலோடுதான் அமர்வார் என்றும், சன்னலோர அறையை ஒதுக்கிவிடலாம் என்றும் சொன்னார். காலணிக்காக இரண்டு செ.மீ. கழித்து, 61 செ.மீ. என்று குறித்திருக்கிறேன். கால்களை 64 செ.மீ. மேசைக்கான நீளத்தில் விடச் சொல்வேன்.

சின்னம் பற்றித்தான் இன்னும் தெளிவு வரவில்லை. நிர்வாக இயக்குநரின் ஆசை உண்மையானது; விளம்பரத்துக்காக அவர் அதைக் கேட்கவில்லை. 26 ஆண்டுகளின் அடையாளம் அந்த மேசையில் எங்காவது இருக்க வேண்டும் என்கிறார். அதை எப்படி நிறைவேற்றுவது?

நான்காம் மறுமொழி: பழைய அறைகலன்களைப் புதுப்பிப்பவர்

உங்கள் இயக்குநர் கேட்பது நியாயம். ஆனால் அந்த அடையாளத்தைப் பித்தளையில் வார்ப்பதைவிட, மரத்திலேயே கொண்டுவர முடியும்.

பரிசாகச் சென்ற மேசைகளில் உலகம் நன்கறிந்த ஒன்றின் கதையைச் சொல்கிறேன். ரெசல்யூட் என்ற பிரிட்டிஷ் கப்பல் 1854இல் ஆர்க்டிக் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அதைக் கண்டெடுத்தது. அமெரிக்கா அதைச் செப்பனிட்டு 1856இல் பிரிட்டனுக்கே திருப்பி அனுப்பியது. கப்பல் 1879இல் உடைக்கப்பட்டபோது, அதன் மரத்தைக் கொண்டு ஒரு மேசை செய்யச் சொல்லி, 1880இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹேய்ஸுக்கு விக்டோரியா அரசி அனுப்பி வைத்தார். இந்த வரலாறு முழுவதும் மேசையில் பொருத்திய ஒரு தகட்டில் இருக்கிறது. அந்தத் தகட்டுக்கு மதிப்பு வந்தது மரத்தினால்தான். வேறு மரத்தில் செய்து அதே தகட்டை அடித்திருந்தால் யாரும் அதை இன்றுவரை பாதுகாத்திருக்க மாட்டார்கள். பின்னாளில் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட், முழங்கால் நுழையும் திறப்பை மறைக்க ஒரு கதவுப்பலகை சேர்க்கச் சொன்னார். அரசியின் பரிசு என்பதற்காக, பயன்படுத்துபவரின் தேவைக்கேற்ப மாற்றக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. உங்கள் மேசையின் கால்களை அவர் முன்னிலையில் அறுப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபட நிறுவனம் என்கிறீர்கள். கணினிக்கு முந்தைய காலத்தின் வரைபலகையோ தாள் அடுக்கும் மர அலமாரியோ கிடங்கில் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், மேற்பலகையைச் சுற்றிவரும் விளிம்பை அந்த மரத்தில் செய்யச் சொல்லுங்கள். அவர் மணிக்கட்டும் முன்கையும் நாள் முழுதும் படியப்போகும் இடம் அதுதான். அறுப்பதற்கு முன் பழைய ஆணி, குண்டூசி ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட வேண்டும். ஒரு குண்டூசி போதும், இழைப்புளியின் வாய் முறிந்துபோகும். பழைய வரைபலகைகள் பெரும்பாலும் மென்மையான மரத்தில் செய்யப்பட்டிருக்கும். விளிம்புக்கு அது எளிதில் நசுங்கும் என்று தச்சர் சொன்னால், இழுப்பறையின் முகப்புக்குப் பயன்படுத்தலாம்.

சின்னத்தை முன்பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முன்பக்கத்துச் சின்னம் அந்த மேசையை மீண்டும் ஓர் அலுவலக மேசையாக்கிவிடும். அவர் வீட்டில் அமர்ந்தும் அலுவலகத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். இழுப்பறையின் உட்புறத்தில், திறந்தால் மட்டும் தெரியும்படி ஒரு சிறு பித்தளைத் தகட்டில் சின்னமும், இரண்டு ஆண்டு எண்களும், மரம் எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரியும் போதும். உடன் பணியாற்றியவர்கள் பெயர் எழுத விரும்பினால், மேற்பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டும் அந்த ஈட்டுத் தாளில் பென்சிலால் எழுதட்டும். ஒட்டும் வேலை முடிந்த பிறகு, மெல்லிய அரக்கு மெருகு பூசினால் எழுத்து அழியாது.

கேட்டவர்

இயக்குநரிடம் இந்தக் கடைசி மறுமொழியைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு அவரே என்னோடு வந்தார். ஒரு பழைய வரைபலகை கிடைத்தது. மூலைகளில் தாளைக் குத்திய ஊசித் துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தச்சர் அதைப் பார்த்துவிட்டு, மென்மரம் என்பதால் விளிம்புக்கு ஆகாது, இழுப்பறை முகப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அந்தத் துளைகளை அடைக்காமல் அப்படியே விடுகிறேன் என்றார். நீள்துளை பற்றிக் கேட்டேன். பிளைவுட்டில் செய்யும் இந்தப் பலகைக்குத் தேவைப்படாது, முழு மரமென்றால் கட்டாயம் போடுவேன் என்று காரணத்தோடு விளக்கினார். அவரிடமே வேலையை ஒப்படைத்துவிட்டோம். கணக்குப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டேன். நாற்காலியும் தனியாகச் சொல்லியாகிவிட்டது.

அந்தப் புத்தகக் கட்டை என்ன செய்வது என்று இளம் பொறியாளர் ஒருவர் கேட்டார். இனி அது அவருக்குத் தேவைப்படாது. ஆனால் அவர் போன பிறகு யாரோ அதைக் குப்பையில் போடுவதை எங்களில் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்துப் பெட்டியின் அடி இழுப்பறையை உள்ளளவில் 12 செ.மீ. உயரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.